குடைக் கம்பிகளில் கட்டிய நூல்: ரேடார் வரைபடத்தைப் புரிந்துகொண்டு அமைப்பது எப்படி?

கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றின் இணையப் பக்கத்தை நான் பராமரித்துவந்த காலத்தில், இரண்டு தேயிலை மாதிரிகளுக்குச் சுவைப்பாளர்கள் கொடுத்திருந்த மதிப்பெண்களை ஒரே படத்தில் காட்டும்படி கேட்டார்கள். தோற்றம், நிறம், திடம், துவர்ப்பு, மணம் என்று ஐந்து பண்புகள், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். இதற்கு ரேடார் வரைபடம் பொருத்தமாக இருக்கும் என்று எண்ணி, ஒரு மாலையில் வரைந்து முடித்துவிட்டேன். மறுநாள் கூட்டத்தில் அந்தப் படம் சுவரில் விழுந்ததும், முன்வரிசையில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏம்பா தம்பி, எங்க தேயிலையில வாசமே இல்லைன்னு போட்டிருக்கியே?" என்று கேட்டார்.

அவருடைய தேயிலை மணத்துக்குப் பத்துக்கு 6 வாங்கியிருந்தது. ஆனால் படத்தில் அந்தப் புள்ளி சரியாக மையத்தில் உட்கார்ந்திருந்தது. மையத்தில் இருப்பது ஒன்றுமில்லாதது என்றுதான் யாரும் வாசிப்பார்கள். அவர் வாசித்ததில் பிழை இல்லை. நான் கொடுத்த எண்களிலும் பிழை இல்லை. அளவுகோல் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஒரே ஒரு அமைப்பை நான் எழுதாமல் விட்டிருந்தேன். அந்த இடத்தை நிரல் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது.

கிரிக்கெட் வீரர்களை ஒப்பிடவும், கைப்பேசிகளை ஒப்பிடவும், மாணவர்களின் திறன்களைக் காட்டவும் இன்று இந்த வரைபடத்தை எங்கும் பயன்படுத்துகிறார்கள். 'வலை பெரிதாக இருந்தால் நல்லது' என்ற ஒரே விதியோடு அதை வாசித்துவிட்டுப் போகிறார்கள். அந்த விதி பெரும்பாலும் தவறானது. ஏன் தவறு என்பதையும், வரைபவர் அதைத் தவிர்க்க எதையெல்லாம் அமைக்க வேண்டும் என்பதையும், நிரல் எழுதிப் பழக்கமில்லாதவருக்கும் புரியும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

குடையை மேலிருந்து பாருங்கள்

நீலகிரியில் குடை இல்லாத வீடு இருக்காது. எனவே அதிலிருந்தே தொடங்கலாம். விரித்த குடை ஒன்றின் துணியை நீக்கிவிட்டு மேலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு குமிழ். அதிலிருந்து எல்லாத் திசைகளிலும் ஒரே நீளமுள்ள கம்பிகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் நீண்டிருக்கின்றன. இப்போது ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பண்பின் பெயரை வையுங்கள். நடுக்குமிழிலிருந்து கம்பியின் நுனி வரை 0 முதல் 10 வரை கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தேயிலை மாதிரிக்குத் திடத்தில் 8 மதிப்பெண் என்றால், திடம் என்ற கம்பியில் எட்டாவது கோட்டில் ஒரு முடிச்சுப் போடுங்கள். எல்லாக் கம்பிகளிலும் முடிச்சுப் போட்டபின், அடுத்தடுத்த முடிச்சுகளை ஒரு நூலால் இணைத்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேருங்கள். நூல் அடைக்கும் அந்த வடிவம்தான் ரேடார் வரைபடம்.

இந்தக் கம்பிக்கு 'அச்சு' என்று பெயர். கம்பியில் போட்ட கோடுகளின் வரிசை 'அளவுகோல்'. ஒரு மாதிரிக்குரிய எல்லா எண்களும் சேர்ந்தது 'தரவுத்தொகுதி'. ஒரு தரவுத்தொகுதிக்கு ஒரு நூல். ஒரே மதிப்புள்ள கோடுகளை எல்லாம் சுற்றி இணைத்தால் கிடைக்கும் வட்டம் அல்லது பலகோணம் 'வளையம்'. இந்த நான்கு சொற்கள் போதும்.

விமானத்தைக் கண்டுபிடிக்கும் ரேடார் கருவிக்கும் இதற்கும் தொழில்நுட்ப உறவு எதுவும் இல்லை. அந்தக் கருவியின் வட்டத் திரையைப் போலத் தோன்றுவதால் வந்த பெயர் அது. சிலந்தி வலையைப் போலத் தோன்றுவதால் சிலந்தி வரைபடம் என்றும் சொல்கிறார்கள். ஜெர்மானியப் புள்ளியியலாளர் கியோர்க் ஃபான் மாயர் 1877-இலேயே இத்தகைய வரைபடத்தை வெளியிட்டிருக்கிறார் என்பதால், ரேடார் கருவியைவிட இது மூத்தது. இதனோடு பலரும் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, 1858-இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் படைவீரர்களின் இறப்புக் காரணங்களைக் காட்டப் பயன்படுத்திய வரைபடம். அதில் புள்ளிகளை இணைக்கும் நூல் கிடையாது; வட்டத்தைச் சம கோணத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு அளவுக்கு நீட்டுவார்கள். அது வேறு வகை.

எண் எப்படிப் புள்ளியாகிறது

நாம் குடையில் கையால் போட்ட முடிச்சை, இணையப் பக்கத்தில் ஒரு நிரல் நூலகம் போடுகிறது. நிரல் நூலகம் என்பது, பலருக்கும் தேவைப்படும் வேலையை ஒருமுறை எழுதிவைத்து, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தக் கொடுக்கும் நிரல் தொகுப்பு. வரைபடங்களுக்கான நூலகங்களில் சார்ட்.ஜேஎஸ் பரவலாகப் பயன்படும் ஒன்று. 2013-இல் வெளிவந்தது, திறந்த மூலம், இலவசம். அதற்கு நாம் கொடுக்க வேண்டியவை மூன்று: வரைபடத்தின் வகை, அச்சுகளின் பெயர்களும் எண்களும், பிறகு நம் விருப்ப அமைப்புகள். வகையை 'ரேடார்' என்றும், அச்சுப் பெயர்களை 'லேபிள்ஸ்' என்ற பட்டியலிலும், எண்களை 'டேட்டாசெட்ஸ்' என்ற பட்டியலிலும், மற்றதை 'ஆப்ஷன்ஸ்' என்பதற்குள்ளும் எழுத வேண்டும். நிரலில் இச்சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவோம்; இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறேன்.

ஒவ்வொரு எண்ணுக்கும் நூலகம் இரண்டு கேள்விகளுக்கு விடை காண்கிறது: எந்தத் திசை, எவ்வளவு தூரம். திசை எளிது. 360 பாகையை அச்சுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டியதுதான். ஐந்து அச்சுகள் என்றால் 72 பாகைக்கு ஓர் அச்சு. முதல் அச்சு கடிகாரத்தின் 12 மணித் திசையில் நிற்க, மற்றவை கடிகார முள் சுற்றும் திசையில் தொடர்கின்றன.

தூரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. எண்ணிலிருந்து அளவுகோலின் தொடக்கத்தைக் கழித்து, அதை அளவுகோலின் மொத்த நீளத்தால் வகுத்து, வெளி வளையத்தின் ஆரத்தால் பெருக்குகிறது நூலகம். ஆரம் என்பது மையத்திலிருந்து வெளி வளையம் வரையுள்ள தூரம். திரையில் அது 150 திரைப்புள்ளிகள் (பிக்சல்கள்), அளவுகோல் 0 முதல் 10 வரை என்று கொள்வோம். நிறத்தில் 8 மதிப்பெண் என்றால், 8-ஐ 10-ஆல் வகுத்து 150-ஆல் பெருக்க 120 கிடைக்கிறது. நிறம் இரண்டாவது அச்சு, அதாவது மேல் திசையிலிருந்து 72 பாகை. அந்தத் திசையில் 120 திரைப்புள்ளிகள் நடந்தால், மையத்துக்கு வலப்புறம் ஏறக்குறைய 114-உம் மேலே ஏறக்குறைய 37-உம் தள்ளிப்போய் நிற்போம். அங்கே ஒரு புள்ளி. இப்படி ஐந்து புள்ளிகளை வைத்து, கோட்டால் இணைத்து, உள்ளே லேசான நிறம் பூசிவிட்டால் வேலை முடிந்தது.

இதுவரை சொன்னதைத் தொகுத்துக்கொள்வோம். அச்சு திசையைத் தருகிறது. எண்ணும் அளவுகோலும் சேர்ந்து தூரத்தைத் தருகின்றன. எண் மாறாமல் அளவுகோல் மட்டும் மாறினாலும் புள்ளி நகர்ந்துவிடும். கோத்தகிரிக் கூட்டத்தில் நடந்தது அதுதான்.

மையத்தில் இருப்பது சுழியமா?

அந்த இரண்டு மாதிரிகளின் கதையை விளக்குவதற்கு எளிய எண்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் மாதிரி, இலையை நசுக்கி, கிழித்து, உருட்டிச் செய்யும் சிடிசி தூள்: தோற்றம் 7, நிறம் 8, திடம் 8, துவர்ப்பு 7, மணம் 6. இரண்டாவது, முழு இலையைச் சுருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை: தோற்றம் 7, நிறம் 7, திடம் 6, துவர்ப்பு 8, மணம் 9. துவர்ப்பு என்று நான் குறிப்பது, வாயில் வைத்தவுடன் நாக்கைச் சட்டென்று சுண்டும் அந்த உயிர்ப்பை. சுவைப்பாளர்கள் பிரிஸ்க்னஸ் என்பார்கள். இரண்டுமே நல்ல தேயிலைகள். கடைத்தெருவில் பால் சேர்த்து ஆற்றிக் குடிக்க முதலாவது, பால் இல்லாமல் மணத்தை அனுபவிக்க இரண்டாவது என்று சொல்லலாமே தவிர, ஒன்றைத் தாழ்த்திச் சொல்ல இந்த எண்களில் இடமில்லை.

அளவுகோலைப் பற்றி நாம் எதுவும் சொல்லாவிட்டால், சார்ட்.ஜேஎஸ் தரவில் உள்ள மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பார்த்துத் தானே ஓர் அளவுகோலை உருவாக்கிக்கொள்கிறது. இங்கே சிறியது 6, பெரியது 9. எனவே மையம் 6 ஆகிவிடுகிறது. வெளி வளையம் 9. முன்பு சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மணத்துக்கு 6 வாங்கிய தேயிலையின் புள்ளி, 6 கழித்தல் 6, அதாவது சுழியத் தூரத்தில், மையத்திலேயே விழுகிறது. அளவுகோல் 0 முதல் 10 வரை இருந்திருந்தால் அதே புள்ளி 90 திரைப்புள்ளிகள் தூரத்தில், பாதி வழியைத் தாண்டி நின்றிருக்கும். திடத்தில் 6 வாங்கிய ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கும் இதே கதிதான். பெரியவர் எழுந்திராவிட்டால் அந்தத் தேயிலைக்காரர் எழுந்திருப்பார்.

பட்டை வரைபடத்தில் இது நடந்தால் பக்கத்திலுள்ள எண்களைப் பார்த்து ஓரளவு பிடித்துவிடலாம். ரேடார் வரைபடத்தில் அளவுகோலின் எண்கள் ஒரே ஓர் அச்சை ஒட்டிச் சிறிய எழுத்தில் இருக்கும். கண் அங்கே போவதே இல்லை, வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே இந்த வகையில் அளவுகோலைத் தானியங்கித் தேர்வுக்கு விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதைச் சரிசெய்யும் இடம், 'ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் 'ஸ்கேல்ஸ்', அதற்குள் 'ஆர்' என்ற பகுதி. 'ஆர்' என்பது ஆரத்தின் வழியே செல்லும் அளவுகோலைக் குறிக்கிறது. அங்கே 'பிகின்அட்ஜீரோ' என்பதை ஆம் என்று வைத்தால் அளவுகோலில் சுழியம் கட்டாயம் இடம்பெறும். ஆனால் வெளி எல்லை அப்போதும் தரவைப் பொறுத்தே அமையும். மதிப்பெண் பத்துக்கு என்றால் வெளி வளையமும் பத்தாக இருப்பதுதான் நேர்மை. எனவே 'மின்' என்பதை 0 என்றும், 'மேக்ஸ்' என்பதை 10 என்றும் வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. 'சஜெஸ்டட்மின்', 'சஜெஸ்டட்மேக்ஸ்' என்று மென்மையான வடிவங்களும் உண்டு. அவை ஆலோசனை மட்டுமே. தரவு அந்த எல்லையைத் தாண்டினால் அளவுகோலும் நீண்டு இடம் கொடுக்கும். எல்லை முன்கூட்டியே தெரிந்த மதிப்பெண்களுக்குக் கண்டிப்பான வடிவத்தையும், எங்கே போய் நிற்கும் என்று தெரியாத அளவீடுகளுக்கு மென்மையானதையும் பயன்படுத்துவது என் வழக்கம்.

எல்லா அளவுகோலும் சுழியத்தில்தான் தொடங்க வேண்டுமா என்றால், இல்லை. விருந்தினர் விடுதிக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் கொடுக்கும் முறையில் 0 என்ற மதிப்பெண்ணே கிடையாது. அங்கே மையத்தை 1 என்று வைப்பதில் தவறில்லை. அந்த அளவீட்டில் சாத்தியமான மிகக் குறைந்த மதிப்பு எதுவோ அது மையமாக இருக்கலாம். கையிலுள்ள தரவில் மிகக் குறைந்தது எதுவோ அது மையமாகிவிடக் கூடாது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதனோடு ஒட்டிய இன்னொரு பிழை: மதிப்பெண் கிடைக்காத இடத்தில் 0 போடுவது. மாதிரி தாமதமாக வந்து மணத்தைச் சோதிக்க முடியவில்லை என்றால், அது '0 மணம்' ஆகாது. அந்த இடத்தில் 'நல்' என்ற வெற்று மதிப்பைக் கொடுத்தால் கோடு அங்கே அறுந்து நிற்கும். வாசிப்பவருக்கு அங்கே தகவல் இல்லை என்று தெரியும். 'ஸ்பேன்கேப்ஸ்' என்ற அமைப்பு அந்த இடைவெளியைத் தாண்டிக் கோட்டை இழுத்துவிடும். படம் அழகாக இருக்கும் என்பதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன்.

பழைய எடுத்துக்காட்டுகளைப் பார்த்து எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்த அமைப்புகளின் இடமும் பெயரும் மாறிவிட்டன. அதற்கு முன்பு 'ஸ்கேல்' என்று ஒருமையில் எழுதியது இப்போது 'ஸ்கேல்ஸ்' என்பதற்குள் 'ஆர்' ஆகிவிட்டது; 'கிரிட்லைன்ஸ்' என்பது 'கிரிட்' ஆகிவிட்டது. பழைய பெயரில் எழுதினால் நூலகம் பிழை என்று சொல்லாது. அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் வரைந்துவிடும். எழுதிய வரி ஏன் வேலை செய்யவில்லை என்று மணிக்கணக்கில் தேடுபவர்களில் பலரும் இந்த இடத்தில்தான் சிக்கியிருப்பார்கள்.

பரப்பை நம்பலாமா?

இனி அந்த 'பெரிய வலை நல்லது' என்ற விதிக்கு வருவோம். கண் வடிவத்தின் பரப்பைத்தான் முதலில் பார்க்கிறது. ஆனால் நாம் அளந்தது நீளத்தை. ஒரு மாதிரி எல்லாப் பண்புகளிலும் 4 வாங்கி, இன்னொன்று எல்லாவற்றிலும் 8 வாங்கினால், இரண்டாவது இரு மடங்கு. ஆனால் அதன் வடிவத்தின் பரப்போ நான்கு மடங்கு. பக்கம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பது நிலம் அளந்தவர்களுக்குத் தெரிந்த கணக்கு. இங்கே அது நம்மை அறியாமல் வேலை செய்கிறது.

இதைவிடத் தீவிரமானது அச்சுகளின் வரிசை. ஆறு பண்புகளில் ஒரு மாதிரி வாங்கிய மதிப்பெண்கள் வரிசையாக 9, 9, 9, 2, 2, 2 என்று வையுங்கள். உயர்ந்தவை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், வடிவம் ஒரு பக்கமாகப் பருத்து, விசிறி போலத் தெரியும். அதே எண்களை 9, 2, 9, 2, 9, 2 என்று மாற்றி அடுக்குங்கள். இப்போது வடிவம் மூன்று முனை கொண்ட மெலிந்த நட்சத்திரம். அடுத்தடுத்த இரு எண்களின் பெருக்கல் தொகைகளைக் கூட்டினால் பரப்பு எப்படி மாறுகிறது என்று தெரிந்துவிடும்: முதல் அடுக்கில் 206, இரண்டாவதில் 108. தேயிலை அதே தேயிலை, மதிப்பெண்ணும் அதே மதிப்பெண். பெயர்களை அடுக்கிய வரிசையால் மட்டும் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

கெட்ட எண்ணம் உள்ளவர் தன் சரக்கைப் பெரிதாகக் காட்ட இதைப் பயன்படுத்த முடியும். நல்ல எண்ணம் உள்ளவரும் தெரியாமல் செய்துவிட முடியும். ஆகவே வரிசையை ஒரு காரணத்தோடு தேர்ந்தெடுத்து, ஒப்பிடும் எல்லாப் படங்களிலும் அதையே வைத்திருக்க வேண்டும். நான் தேயிலைக்குச் சுவைப்பவரின் செயல் வரிசையைப் பின்பற்றுகிறேன்: முதலில் உலர்ந்த தூளின் தோற்றத்தைப் பார்க்கிறார், பிறகு வடித்த தேநீரின் நிறம், வாயில் வைத்ததும் திடம், துவர்ப்பு, மணம். அந்த வரிசைக்கு வெளியில் ஓர் அர்த்தம் இருப்பதால், யாரும் அதை வசதிக்கு மாற்றியதாகச் சொல்ல முடியாது.

உள்ளே பூசும் நிறத்தை முடிந்தவரை மெல்லியதாக வைப்பதும், சில சமயம் முற்றிலும் நீக்கிவிடுவதும், கண்ணைப் பரப்பிலிருந்து புள்ளிகளுக்குத் திருப்பும். 'பேக்கிரவுண்ட்கலர்' என்ற அமைப்பில் நிறத்தோடு ஒளிபுகும் அளவையும் கொடுக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு அடர்த்திக்கு மேல் வேண்டாம். அடர்த்தியாகப் பூசினால் ஒரு நூல் இன்னொன்றை மறைத்துவிடும். பூச்சே வேண்டாம் என்றால் 'ஃபில்' என்பதை இல்லை என்று வையுங்கள். நூல்கள் மூன்றைத் தாண்டினால், எந்த நிறமும் காப்பாற்றாது. தனித்தனிச் சிறு படங்களாகப் பிரித்துவிடுவதே வழி.

சுருக்கமாகச் சொன்னால்: தூரத்தை வாசிக்கலாம், பரப்பை வாசிக்கக் கூடாது. வரிசை மாறினால் வடிவம் மாறும். வடிவம் மாறியதால் பொருள் மாறிவிட்டதாக எண்ணக் கூடாது.

ஒரே அளவுகோலில் பல அலகுகள்

தேயிலை மதிப்பெண்கள் எல்லாமே பத்துக்கு என்பதால் நம் எடுத்துக்காட்டு எளிதாக இருந்தது. உதகமண்டலத்தையும் குன்னூரையும் ஒப்பிட விரும்பும் ஒருவர், கடல்மட்டத்திலிருந்து உயரம், சராசரி வெப்பநிலை, ஆண்டு மழைநாட்கள் ஆகியவற்றை மூன்று அச்சுகளாக வைக்கிறார் என்று கொள்வோம். உதகையின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர், குன்னூரின் உயரம் ஏறக்குறைய 1,850 மீட்டர். வெப்பநிலையோ இரண்டு இலக்கத்தைத் தாண்டாது. சார்ட்.ஜேஎஸ் எல்லா அச்சுகளுக்கும் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறது. எனவே உயரத்தின் அச்சில் ஒரு நீண்ட முள் மட்டும் எழுந்து நிற்க, மற்றவை மையத்தில் சுருண்டு கிடக்கும்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, நூலகத்துக்குக் கொடுக்கும் முன்பே ஒவ்வோர் அளவையும் 0 முதல் 100 வரையான பொது அளவுக்கு மாற்றிவிடுவது. மற்றொன்று, ஒவ்வோர் அச்சுக்கும் தனி எல்லை வைக்க இடம்தரும் நூலகத்தைப் பயன்படுத்துவது. பைடு நிறுவனத்தில் தோன்றி இப்போது அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் இருக்கும் ஈசார்ட்ஸ் அப்படிப்பட்டது. அதில் 'இண்டிகேட்டர்' என்ற பட்டியலில் ஒவ்வோர் அச்சுக்கும் பெயரோடு அதற்கே உரிய 'மேக்ஸ்' மதிப்பையும் எழுதலாம். எந்த வழியில் போனாலும், வெளி வளையம் எதைக் குறிக்கிறது என்று தீர்மானிப்பவர் நாம்தான். தொட்டபெட்டாவின் 2,637 மீட்டரை உயரத்தின் எல்லையாக வைத்தால் ஒரு படம், 5,000 மீட்டரை வைத்தால் இன்னொரு படம். அந்தத் தீர்மானத்தைப் படத்துக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவைப்பது வாசகருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

திசையும் ஒத்திருக்க வேண்டும். தூளில் ஈரப்பதம் கூடினால் தேயிலை கெடும். மணம் கூடினால் தேயிலை சிறக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து அச்சுகளில் அப்படியே வைத்தால், வெளியே போவது நல்லதா கெட்டதா என்று வாசகர் ஒவ்வோர் அச்சிலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். ஈரப்பதத்தைத் திருப்பிக் கணக்கிட்டு, அச்சின் பெயரையும் 'உலர்வு' என்று மாற்றிவிடுங்கள்.

இந்த வரைபடம் தன் இயல்பில் பொருந்தும் இடம்: மழை

குறைகளையே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் எனக்கு இந்த வரைபடத்தின் மீது பிரியம் உண்டு, அதற்குக் காரணம் எங்கள் மாவட்டத்தின் மழை. பன்னிரண்டு மாதங்களைப் பன்னிரண்டு அச்சுகளாக வைத்தால், டிசம்பருக்கு அடுத்து ஜனவரி தானாகவே வந்து சேர்கிறது. பட்டை வரைபடத்தில் அந்த இரண்டு மாதங்களும் இரு கோடிகளில் பிரிந்து நிற்கும். இங்கே வரிசையை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அது காலத்தின் வரிசை. அலகும் எல்லா அச்சுகளிலும் மில்லிமீட்டர் ஒன்றுதான். மேலே எண்ணிய குறைகளில் பெரும்பாலானவை இங்கே இல்லை.

ஜனவரி மேலே 12 மணித் திசையில் இருந்தால், ஜூலை நேர் கீழே 6 மணித் திசையில் வரும். அக்டோபர் இடப்பக்கம் 9 மணித் திசையில். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கொட்டித் தீர்ப்பதால், அந்த ஊர்களின் வடிவம் கீழ்நோக்கித் தொங்கும். குன்னூரும் கோத்தகிரியும் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால், வடகிழக்குப் பருவமழையைத்தான் அதிகம் நம்பியிருக்கின்றன. அவற்றின் வடிவம் அக்டோபர், நவம்பரை நோக்கி இடப்பக்கம் நீளும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு பருவமழைகள் இரண்டு திசைகளில் கைநீட்டுவதை, பருவமழையைப் பற்றி எதுவுமே படிக்காத ஒரு பள்ளிக் குழந்தைகூட அந்தப் படத்தில் கண்டுகொள்ளும். முதல் அச்சை வேறு திசையில் தொடங்க வேண்டுமென்றால் 'ஸ்டார்ட்ஆங்கிள்' என்பதில் பாகையைக் கொடுத்து மொத்தப் படத்தையும் சுழற்றலாம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அந்த ஆண்டின் அவலாஞ்சியையும் கோத்தகிரியையும் ஒரே படத்தில் வரைந்தால், ஆகஸ்ட் அச்சு ஈட்டி போல நீண்டு, கோத்தகிரியின் வடிவம் முழுவதையும் மையத்தில் ஒரு பொட்டாக்கிவிடும். அப்படிப்பட்ட ஆண்டுக்குத் தனிப் படம் போடுவதுதான் சரி. 'மேக்ஸ்' என்பதைக் குறைத்து அந்த முனையை வெட்டிவிடுவது, நடந்த பெருமழையை இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

தமிழ்ப் பெயர்களும் கைப்பேசித் திரையும்

நம் வாசகர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்ப்பது கைப்பேசியில். அச்சுகளின் நுனியில் எழுதும் பெயர்களுக்கு இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் பகுதியில்தான் நூலகம் வரைபடத்தை வரைகிறது. பெயர் நீண்டால் வடிவம் சுருங்கும். 'வடித்த தேநீரின் நிறம்' என்பதற்கு 'நிறம்' போதும். சுருக்க முடியாத பெயரை, 'லேபிள்ஸ்' பட்டியலில் ஒற்றைச் சொற்றொடராகக் கொடுக்காமல் இரண்டு துண்டுகள் கொண்ட உள்பட்டியலாகக் கொடுத்தால், அது இரண்டு வரிகளாக உடைந்து வரும். எழுத்தின் அளவை 'பாயிண்ட்லேபிள்ஸ்' என்பதற்குள் 'ஃபான்ட்' பகுதியில் அமைக்கலாம். தமிழ் எழுத்துகளின் கொம்பும் சுழியும் சிதையாமல் தெரிய, ஆங்கிலத்துக்கு வைப்பதைவிட இரண்டு அளவு கூட்டி வைக்கிறேன். வளையங்களின் எண்ணிக்கையை 'டிக்ஸ்' பகுதியிலுள்ள 'ஸ்டெப்சைஸ்' தீர்மானிக்கிறது. 10 வரையான அளவுகோலுக்கு 2 என்ற இடைவெளியே கண்ணுக்கு இதமானது.

தமிழ் எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்தினால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சார்ட்.ஜேஎஸ் 'கேன்வாஸ்' என்ற வரைதளத்தில் வரைகிறது. அது சுவரில் பூசிய சாயம் போன்றது, பூசிய கணத்தில் எந்த எழுத்துரு கையில் இருந்ததோ அதுவே நிலைத்துவிடும். எழுத்துரு வந்து சேர்வதற்குள் படம் வரைந்து முடிந்துவிட்டால், பெயர்கள் வேறு எழுத்துருவில் நின்றுவிடும். எனவே எழுத்துரு வந்து சேர்ந்த செய்தி கிடைத்த பின்பே வரைபடத்தை உருவாக்கும்படி நிரலை எழுதுங்கள்.

கேன்வாஸில் உள்ள எண்களைத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லாது என்பதால், பார்வையற்றவர்களுக்கு அந்தப் படம் இல்லாததற்குச் சமம். அறிவிப்புப் பலகையில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு ஒட்டினால் சிவப்பு நூலும் பச்சை நூலும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர்களுக்குத் திரையிலும் அவற்றைப் பிரித்தறிவது கடினம். முதல் சிக்கலுக்குப் படத்தின் கீழேயே அதே எண்களைக் கொண்ட ஓர் எளிய அட்டவணை போதும். இரண்டாவதற்கு, ஒரு நூலை 'பார்டர்டேஷ்' கொண்டு விட்டுவிட்டு வரும் கோடாகவும், புள்ளிகளில் ஒன்றை வட்டமாகவும் மற்றொன்றை 'பாயிண்ட்ஸ்டைல்' கொண்டு முக்கோணமாகவும் வைக்கலாம்.

அந்தக் குழுவின் பக்கத்தில் இப்போது இருக்கும் படத்தில் அளவுகோல் 0 முதல் 10 வரை, ஐந்து வளையங்கள், உள்பூச்சு இல்லை, சிடிசி முழுக் கோடு, ஆர்த்தடாக்ஸ் விட்டுவிட்டு வரும் கோடு. இரண்டு நூல்களும் பெரும்பாலான இடங்களில் நெருங்கியே செல்கின்றன. திடத்தில் ஒன்றும் மணத்தில் மற்றொன்றும் சற்று வெளியே போகின்றன. முதல் படத்தைப் போலப் பார்த்தவுடன் கண்ணைப் பறிப்பதாக அது இல்லை. அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரியவர் கீழேயிருந்த அட்டவணையை விரலால் தொட்டுப் பார்த்து, பிறகு படத்தில் மணம் என்ற அச்சில் ஆறாம் இடத்தைத் தானே எண்ணிக் கண்டுபிடித்து, "இங்க இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார்.